மருத்துவமனைப் படுக்கையில் திடீர்க் குழப்பம்: மருந்தின்றிச் செய்யக்கூடியவை, அறிகுறி வாரியாக

முதியவர் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ ஆளே மாறிப்போனவர்போல நடந்துகொண்டால், அதாவது பெற்ற மகளை யாரென்று கேட்டால், கையில் ஏறும் டிரிப்ஸைப் பிடுங்கினால், நள்ளிரவில் "வயலுக்குத் தண்ணி பாய்ச்சணும்" என்று எழுந்து கிளம்பினால், அந்த நிலைக்கு மருத்துவத்தில் டெலிரியம் என்று பெயர். மறதி நோய் பெரும்பாலும் மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் மெல்ல வளர்வது. டெலிரியமோ திடீரென வரும், ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும், காலையில் தெளிவாகப் பேசியவரை மாலையில் பிதற்ற வைக்கும். உடலில் எங்கோ உண்டான கோளாறு மூளையின் கவனத்தைக் குலைப்பதே இதன் அடிப்படை. ஆகவே நிலைகொள்ளாமல் தவிக்கும் நோயாளியைக் கட்டிப்போடவும் மருந்து கொடுத்துத் தூங்க வைக்கவும் நினைப்பதற்கு முன்னால், அவரை எது வாட்டுகிறது என்று தேடுவதே சிகிச்சையின் முதல் படி என்று நான் உறுதியாக நம்புகிறேன். துணைக்கு இருக்கும் குடும்பத்தாருக்கும் வார்டில் பணிபுரியும் செவிலியருக்கும் பயன்படட்டும் என்று அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

மருந்தில்லாக் கவனிப்பு என்றால் நாலு ஆறுதல் வார்த்தை சொல்வது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஷாரன் இனூயி என்ற முதியோர் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகள் இடம்பெற்றனர். கண்ணாடி, காதுக் கருவி, தண்ணீர், நடை, தூக்கம், பேச்சுத்துணை ஆகியவற்றை ஒழுங்காகக் கவனித்த பிரிவில் 9.9 சதவீதம் பேருக்கும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற பிரிவில் 15 சதவீதம் பேருக்கும் டெலிரியம் வந்தது. சீனாவின் செங்டு நகரில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவர்களின் குடும்பத்தாரையே இப்பணியில் ஈடுபடுத்திப் பார்த்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில் இடைவெளி இன்னும் பெரிது: குடும்பத்தார் ஈடுபட்ட பிரிவில் 2.6 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 19.4 சதவீதம். யேலில் இந்த வேலைக்குத் தன்னார்வலர்களைத் திரட்டிப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கும் மகளோ மருமகனோ ஏற்கெனவே இருக்கிறார். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் பெரும்பாலான வார்டுகளில் ஆளில்லை.

முதலில்: ஆபத்து ஏதும் இல்லை என்று உறுதிசெய்தல்

வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ வலுவிழத்தல், மூச்சு வாங்குதல், உதடு நீலம் பாய்தல், வலிப்பு, தட்டியும் எழுப்ப முடியாத மயக்கம், திடீரென்று கொட்டும் வியர்வை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் வேறு எதையும் செய்து பார்த்துக்கொண்டிருக்காமல் டியூட்டி மருத்துவரை அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளி குழம்பினால், விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியது. தாழ்சர்க்கரை சில நிமிடங்களில் சரிசெய்யக்கூடியது, கவனிக்காமல் விட்டால் உயிரைப் பறிக்கக்கூடியது.

தினமும் மது அருந்தியவர் மருத்துவமனைக்கு வந்து 2 அல்லது 3 நாட்களில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாததைக் கண்டு அலறினால், அது குடி திடீரென நின்றதால் வந்ததாக இருக்கலாம். அதற்கு மருந்தும் தயாமின் என்ற பி1 வைட்டமினும் அவசியம், வெறும் அன்பான பேச்சால் அது அடங்காது. மானத்துக்கு அஞ்சி அப்பாவின் குடியை மறைக்கும் குடும்பங்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். மருத்துவரிடம் தனியே அழைத்துச் சொன்னாலும் போதும், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டிக்கும், நாள் தவறாமல் பீடி குடித்த தாத்தாவுக்கும் நிக்கோடின் நின்றுபோன தவிப்பு வரும். காலைக் காப்பி நின்றாலே தலைவலியும் எரிச்சலும் வரும். இவற்றையும் சொல்ல வேண்டும்.

ஆபத்து ஏதும் இல்லையென்றால், தவிப்பின் காரணத்தை உடலிலேயே தேட வேண்டும். அடிவயிறு மேடாக இறுகியிருந்தால் சிறுநீர் கட்டியிருக்கலாம். மலம் கழித்து எத்தனை நாளாயிற்று என்று பார்க்க வேண்டும். நாக்கு வறண்டிருக்கிறதா, உடல் சுடுகிறதா, திரும்பிப் படுக்கும்போது முகம் சுளிக்கிறாரா என்று கவனிக்க வேண்டும். வலியை வாயால் சொல்ல முடியாதவர் அதைக் கை கால்களால்தான் சொல்வார். ரத்தத்தில் சோடியம் குறைதல், ஆக்சிஜன் குறைதல், சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று ஆகியவற்றை மருத்துவர் பரிசோதிப்பார். அரிப்புக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் அவில் போன்ற பழைய வகை மருந்துகளும், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளும் முதியவர்களைக் குழப்பக்கூடியவை. வீட்டில் பல ஆண்டுகளாகப் போட்டுவந்த தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் அதே குழப்பத்தைத் தரும். ஆகவே வீட்டு மாத்திரைகள் அத்தனையையும் பையோடு கொண்டுவந்து காட்டுவது நல்லது.

கவனம் கலைந்திருக்கிறதா என்று அறிய எளிய வழி, கிழமைகளை ஞாயிறிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்வது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சனி, வெள்ளி, வியாழன் என்று சொல்லிவிடுவார். நேற்று சொன்னவர் இன்று இரண்டாவதிலேயே தடம் மாறினால், "நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாப் பேசினாங்க, ராத்திரி எட்டு மணியிலிருந்து இப்படி" என்று நேரத்தோடு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்ற பதில் வந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். அவருடைய வழக்கமான நிலையை அறிந்தவர் அந்த வார்டில் நீங்கள் ஒருவர்தான்.

அறிகுறி: டிரிப்ஸையும் டியூபையும் பிடுங்குகிறார்

கையைக் கட்டிலோடு கட்டுவதுதான் முதலில் எல்லாருக்கும் தோன்றும். கட்டப்பட்டவர் ஏன் கட்டப்பட்டோம் என்று புரியாமல் இன்னும் வலுவாகத் திமிறுவார், மணிக்கட்டில் புண் வரும், ஒரே நிலையில் கிடப்பதால் முதுகில் படுக்கைப்புண் வரும், குழப்பம் நீளும். ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: இந்த டியூப் இன்றைக்கும் தேவைதானா? காலை ரவுண்ட்ஸில் மருத்துவரிடம் நாள் தவறாமல் இதைக் கேட்கலாம், கேட்பதில் தவறே இல்லை. வாயால் கஞ்சி குடிக்கிறவருக்கு டிரிப்ஸ் தேவைப்படாமல் இருக்கலாம். சிறுநீர் டியூப் போட்ட காரணம் தீர்ந்திருக்கலாம், ஆனால் எடுக்க யாருக்கும் நினைவு வராமல் போயிருக்கலாம். அந்த டியூப் ஓயாமல் "ஒண்ணுக்கு வருது" என்ற உணர்வைத் தந்துகொண்டே இருக்கும், தொற்றையும் உண்டாக்கும். உள்ளே ஊதிய பலூனோடு அதை இழுத்தால் சிறுநீர்ப் பாதை கிழிந்து ரத்தம் வரும். எவ்வளவு சீக்கிரம் எடுக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுப்பதே இந்த அறிகுறிக்கு மிகச் சிறந்த தீர்வு.

எடுக்கவே முடியாத டியூப் என்றால் அதைக் கண்ணிலிருந்து மறைக்க வேண்டும். டிரிப்ஸ் ஊசியின் மேல் ரோல் பேண்டேஜைத் தளர்வாகச் சுற்றி, முழுக்கைச் சட்டையை மாட்டி, குழாயைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோகலாம். ஊசி போட்ட இடம் வீங்குகிறதா, சிவக்கிறதா என்று செவிலியர் அவ்வப்போது பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். முகத்தை அழுத்தும் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பொறுக்காதவருக்கு மூக்கில் மாட்டும் சிறு குழாய் போதுமா என்று கேட்கலாம். கைக்கு ஒரு வேலை கொடுப்பதும் நன்றாகவே பலிக்கும்: துண்டை மடிக்கச் சொல்லலாம், ஜெபமாலையையோ ருத்ராட்ச மாலையையோ உருட்டக் கொடுக்கலாம், மளிகைக் கணக்கு எழுதிய பழக்கமுள்ளவரிடம் பழைய நோட்டையும் பென்சிலையும் கொடுக்கலாம்.

அறிகுறி: கட்டிலை விட்டு இறங்கி ஓடப் பார்க்கிறார்

"வீட்டுக்குப் போகணும்" என்று எழுகிறவர் பல நேரங்களில் சிறுநீர் கழிக்கத்தான் எழுகிறார். கேட்டுக்கொண்டிருக்காமல், விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே அழைத்துப் போய்விட்டால் பாதித் தவிப்பு குறையும். பெட்பானில் பலருக்குப் போக வராது. கட்டிலருகே கமோடு நாற்காலி கிடைத்தால் அதுவே நல்லது. கட்டிலின் இரு பக்கக் கம்பிகளையும் உயர்த்திவிட்டால் விழமாட்டார் என்று நினைப்பது பெரிய தவறு, ஏனெனில் குழப்பத்தில் இருப்பவர் கம்பியைத் தாண்டி ஏறுவார், அப்போது இன்னும் உயரத்திலிருந்து விழுவார். கட்டிலை முடிந்த மட்டும் தாழ்த்தி, தரையில் ஈரமில்லாமல் பார்த்துக்கொண்டு, தரையில் புரளும் வேட்டிக்குப் பதில் கணுக்கால் அளவுக்கு உடுத்திவிட வேண்டும்.

"இது ஆஸ்பத்திரி, வீடு இல்ல, படுங்க" என்று பலமுறை அதட்டினால் பயம்தான் கூடும். "சரிப்பா, போகலாம். முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க, அந்த ஜன்னல் வரைக்கும் நடந்துட்டு வருவோம்" என்று கூடவே நடப்பது மேல். எலும்பு அறுவை சிகிச்சை செய்தவராயின், அந்தக் காலில் எவ்வளவு எடை தாங்கலாம் என்று பிசியோதெரபிஸ்டிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நடக்கக் கூடியவரைப் படுக்க வைத்தே பூட்டுவது தசையையும் தெளிவையும் ஒன்றாகக் கரைத்துவிடும்.

அறிகுறி: இரவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் தூக்கம்

டெலிரியத்தில் தூக்கத்தின் தாளமே தலைகீழாகும், வார்டின் நடைமுறைகள் அதை இன்னும் கெடுக்கும். இரவு 11 மணிக்கு மாத்திரை, 2 மணிக்கு பி.பி., 4 மணிக்கு ரத்தம் எடுத்தல், 5 மணிக்குத் துடைத்துவிடுதல் என்று வரிசையாக எழுப்பப்படுகிறவர் எப்போது தூங்குவார்? நிலை சீராக உள்ள நோயாளிக்கு இந்த வேலைகளை ஒரே நேரத்தில் சேர்த்துச் செய்ய இயலுமா என்று சிஸ்டரிடம் பணிவாகக் கேளுங்கள். மருந்து நேரங்களில் பலவற்றைச் சிறிது நகர்த்த மருத்துவரால் முடியும்.

பகலில் ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சம் முகத்தில் படும்படி உட்கார வைக்க வேண்டும், சாப்பாட்டை நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட வைக்க வேண்டும், பகல் தூக்கத்தை அரை மணி நேரத்தோடு நிறுத்த வேண்டும். இரவு ஒன்பது மணிக்குமேல் தலைக்கு மேலுள்ள டியூப்லைட்டை அணைத்துவிட்டு, மங்கலான ஒரு விளக்கை மட்டும் விட்டுவைக்க வேண்டும். முழு இருட்டும் கூடாது, ஏனெனில் இருட்டில் இடம் புரியாது. கைப்பேசியை ஒலியடக்கி, பக்கத்துக் கட்டிலின் டிவிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி, கொசு வலையோ கொசு விரட்டியோ ஏற்பாடு செய்து, அவர் விரும்பினால் வெதுவெதுப்பான பால் கொடுத்து, முதுகையும் பாதத்தையும் மெல்லத் தடவிக்கொடுக்கலாம். யேலில் உருவான திட்டத்தின் தூக்க முறையிலும் சூடான பானம், மென்மையான இசை, முதுகு நீவுதல் ஆகிய மூன்றும் உண்டு. இசை என்றால் அவர் காலத்துப் பாட்டோ வீட்டில் வழக்கமாகக் கேட்கும் பக்திப் பாடலோ ஆக இருக்கட்டும், அதுவும் மெல்லிய ஒலியில், சிறிது நேரம் மட்டும்.

மாலை மங்கும் வேளையில் குழப்பம் கூடுவது வழக்கம். ஆகவே நாளின் ஒரே ஒரு நேரத்தில்தான் வர முடியும் என்ற உறவினர், மாலை ஐந்து மணிக்குமேல் வருவது நோயாளிக்கு அதிகப் பயன் தரும். கூட்டமாக வந்து கட்டிலைச் சுற்றி நின்று "என்னைத் தெரியுதா? நான் யாரு சொல்லுங்க?" என்று ஆளாளுக்குத் தேர்வு வைப்பது, எவ்வளவு பாசத்தில் செய்தாலும், அவரை வதைப்பதுதான். ஒருவராக அருகில் அமர்ந்து, "நான் செல்வி வந்திருக்கேன்ப்பா. இது ஆஸ்பத்திரி. திங்கட்கிழமை கீழ விழுந்து இடுப்புல ஆபரேஷன் ஆச்சு. இப்ப சாயங்காலம் ஆறு மணி" என்று தகவலை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: இல்லாததைக் காண்கிறார், சாப்பாட்டில் விஷம் என்கிறார்

சுவரில் பூச்சி ஊர்கிறது, இறந்துபோன அண்ணன் வாசலில் நிற்கிறார், சிஸ்டர் விஷ ஊசி போடுகிறார் என்றெல்லாம் அவர் சொல்வதை மறுத்து வாதாடவும் கூடாது, ஆமென்று ஒத்து ஊதவும் கூடாது. "எனக்கு அங்க யாரும் தெரியலம்மா. ஆனா உங்களுக்குப் பயமா இருக்குன்னு புரியுது. நான் இங்கேயேதான் இருப்பேன்" என்ற பதில் உண்மையையும் காக்கும், அவரையும் காக்கும். பிறகு அவர் பார்க்கும் திசையில் நீங்களும் பாருங்கள். தொங்கும் வயரின் நிழலோ, காற்றில் ஆடும் திரையோ, கறை படிந்த சுவரோ பாம்பாகவும் ஆளாகவும் தெரிந்திருக்கலாம். அதை அகற்றினால் காட்சியும் போகக்கூடும்.

இங்கே மிக அடிப்படையான ஒன்று அடிக்கடி விட்டுப்போகிறது. அனுமதியின்போது நகையோடு சேர்த்துக் கண்ணாடி, காதுக் கருவி, பல் செட் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். பாதி தெரியும் கண்ணும் பாதி கேட்கும் காதும் உள்ளவருக்கு அந்நிய இடத்தில் சந்தேகம் வருவதில் வியப்பே இல்லை. அன்றே அவற்றைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். காதுக் கருவி இல்லாதவரிடம் பேச, ஸ்டெதஸ்கோப்பை அவர் காதில் மாட்டி, மறுமுனையில் மெல்லப் பேசுவது நல்ல பலன் தரும். சாப்பிட மறுக்கிறவருக்கு வீட்டு டிபன் கேரியரில் வந்த சாப்பாட்டை, அவர் கண்ணெதிரே திறந்து, நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் உண்பார். புரையேறினால் உடனே நிறுத்திச் செவிலியரிடம் சொல்ல வேண்டும்.

காற்று கருப்பு பட்டுவிட்டது என்று சில வீடுகளில் பேச்சு எழும். நெற்றியில் திருநீறு பூசுவதையோ, தலைமாட்டில் பைபிளோ துஆவோ ஓதுவதையோ நான் ஒருபோதும் தடுக்கமாட்டேன். பழகிய கையும் பழகிய சொல்லும் அவரை அமைதிப்படுத்தும். அதன் பொருட்டு மருத்துவரிடம் சொல்வது தாமதமாகக் கூடாது, அவ்வளவுதான்.

அறிகுறி: துடைத்துவிடும்போதும் துணி மாற்றும்போதும் அடிக்கிறார்

குழப்பத்தில் இருப்பவருக்கு, யாரோ வந்து உடையைக் கழற்றுவது தாக்குதலாகவே படும். வாழ்நாள் முழுதும் புடவையில் இருந்த பாட்டியின் உடலை முன்பின் அறியாத ஆண் பணியாளர் தொட்டால் அவர் அலறுவது இயல்பான தற்காப்பு. பெண் பணியாளரையோ மகளையோ கொண்டு செய்ய வேண்டும். முன்னால் நின்று முகம் காட்டி, செய்யப்போவதைச் சொல்லி, ஒரு பகுதியைத் திறந்து மறு பகுதியைப் போர்த்தி, வெந்நீரில் செய்ய வேண்டும். அழைக்கும் முறையும் முக்கியம்: வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மூத்தவரைச் சீண்டும். வீட்டிலும் ஊரிலும் எப்படி அழைப்பார்கள் என்று கேட்டு, ஆசிரியராக இருந்தவரை "சார்" என்றும், மற்றவரை "ஐயா", "பெரியம்மா" என்றும் அழைக்கலாம். அடி ஓங்கினால் ஓரடி பின்வாங்கி, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் வரலாம். மிகச் சில வேலைகளே அந்த நொடியில் முடிய வேண்டியவை.

அறிகுறி: சத்தமே இல்லை, படுத்தே கிடக்கிறார்

எல்லாரும் தவறவிடும் வகை இது, எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுவே. கத்துகிறவரை வார்டே கவனிக்கும். கண்ணை அரைகுறையாகத் திறந்து, கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி, கொடுத்த கஞ்சியை வாயிலேயே வைத்திருப்பவரைப் பார்த்து "இன்னிக்கு தாத்தா சமத்தா தூங்குறார்" என்பார்கள். இதுவும் டெலிரியமே. அமைதியாக இருப்பதாலேயே காரணம் தேடப்படாமல், நீர் வறண்டு, சளி கட்டி, படுக்கைப்புண் வந்து நிலைமை மோசமாகிறது. நேற்றைவிடப் பேச்சு குறைந்ததா, பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுகிறதா, பேரன் பெயரைச் சொன்னால் முகம் மலர்கிறதா என்று பாருங்கள். மாற்றம் இருந்தால், ஆர்ப்பாட்டம் செய்கிறவருக்காக ஓடுவதைப் போலவே இவருக்காகவும் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

கவனிப்பும் அதேதான்: வெளிச்சம், உட்கார வைத்தல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல், விழித்திருக்கும்போது மட்டும் சிறிது சிறிதாக நீர். இரவில் எழ வேண்டியிருக்குமே என்று பல முதியவர்கள் தண்ணீரையே தவிர்ப்பார்கள். இதயமோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டவருக்கு எவ்வளவு நீர் தரலாம் என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஐ.சி.யூ.வில் தனியே இருந்து குழம்புகிறார்

காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் என்ற விதி இருக்கும் இடங்களில், அந்தப் பத்து நிமிடத்தைக் கண்ணீரில் கழித்துவிடாதீர்கள். கண்ணாடியையும் காதுக் கருவியையும் சிஸ்டரிடம் ஒப்படையுங்கள். பெரிய எழுத்தில் தமிழில் தேதியும் இடமும் எழுதிய தாளையும், குடும்பப் புகைப்படம் ஒன்றையும் கண்ணில் படும்படி ஒட்ட அனுமதி கேளுங்கள். அவருக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாதென்றால், தமிழ் பேசும் ஒருவரைக் கொண்டு விளக்கச் சொல்லுங்கள். குழப்பம் இருக்கிறது என்று தெரிந்தால், கூடுதல் நேரம் ஒருவரை உடனிருக்க விடுங்கள் என்று பொறுப்பு மருத்துவரிடம் நேரடியாகக் கேட்பது உங்கள் உரிமை என்றே கருதுகிறேன்.

இவ்வளவு செய்தும் அடங்கவில்லை என்றால்

தனக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து என்ற நிலையிலும், தாங்க முடியாத பயத்தில் அவர் துடிக்கும் நிலையிலும் மருத்துவர் சிறிய அளவில், குறுகிய காலத்துக்கு மருந்து தரலாம். அதைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் அந்த மருந்து டெலிரியத்தைக் குணப்படுத்துவதில்லை. ஐ.சி.யூ. நோயாளிகளிடம் நடத்தி 2018-இல் வெளியான பெரிய ஆய்வில், ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்து கொடுத்தவர்களுக்கு டெலிரியம், மருந்துச் சத்தே இல்லாத வெற்று மருந்து பெற்றவர்களைவிட விரைவில் தீரவில்லை. நோய் முற்றியவர்களுக்கான வலி தணிப்புப் பிரிவு நோயாளிகளிடம் நடத்தி 2017-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியான ஆய்வில், ஹாலோபெரிடாலோ அதே வகையைச் சேர்ந்த ரிஸ்பெரிடோனோ பெற்றவர்களின் அறிகுறிகள் வெற்று மருந்து பெற்றவர்களுடையதைவிட மோசமாகவே இருந்தன. எனவே ஊசி போட்ட பிறகும் காரணத்தைத் தேடுவது நிற்கக் கூடாது, எத்தனை நாள் தொடரும், எப்போது நிறுத்துவீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

துணைக்கு இருப்பவரும் மாற வேண்டும். இரண்டு இரவு தூங்காத மகளின் குரலில் எரிச்சல் ஏறும், அந்த எரிச்சல் நோயாளிக்கு உடனே தொற்றும். முறை வைத்துக்கொண்டு ஆள் மாறுங்கள். மாறும்போது எந்த வார்த்தைக்கு அமைதியானார், எந்த நேரத்தில் கூடியது என்பதை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த நோட்டையே மருத்துவரிடமும் காட்டலாம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது

சிலருக்கு ஓரிரு நாளில் தெளியும், சிலருக்கு வீடு சேர்ந்து வாரங்கள் ஆகியும் மிச்சம் இருக்கும். பழகிய அறை, பழகிய நேரத்துச் சாப்பாடு, பகல் நடை ஆகியவை அங்கேயும் தொடரட்டும். நடந்ததில் சில துண்டுகள் அவருக்கு நினைவிருக்கலாம். சிஸ்டரைத் திட்டினோமே என்று வெட்கப்படுவார், அது நோயின் வேலை என்று சொல்லிவிடுங்கள். சில மாதங்கள் கழித்தும் மறதி தெரிந்தால் முதியோர் நல மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ காட்ட வேண்டும். ஒருமுறை வந்தவருக்கு அடுத்த நோயிலோ அறுவை சிகிச்சையிலோ மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியில் "டெலிரியம் ஏற்பட்டது" என்ற வரியும், காரணமாகக் கண்டறியப்பட்டதும், ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரும்படி கேட்டு வாங்கி, அடுத்த முறை மயக்க மருத்துவரிடம் முதலிலேயே காட்டுங்கள்.